வரப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை என்ன கற்றது?

நடவுக்காரி மகள்:
சென்ற வாரம் எங்கள் ஊர் மழலையர் பள்ளி ஒன்றின் பெற்றோர் கூட்டத்துக்கு, அக்காள் மகனுக்காகப் போய் உட்கார்ந்திருந்தேன். பேச வந்தவர், "நான்கு வயதுக்குள் வசதியான வீட்டுப் பிள்ளையைவிடக் கூலி வீட்டுப் பிள்ளை 3 கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது, வா, போ, தொடாதே என்பதற்கு மேல் அந்தத் தாய்மார்கள் பேசுவதில்லை, அதனால்தான் இந்தப் பிள்ளைகளுக்குச் சிந்தனை வளரவில்லை" என்றார். என் பக்கத்தில் இருந்த பெண் காலையில் நாற்றுப் பறித்துவிட்டு, நகக்கண்ணில் சேறு போகாமலேயே வந்திருந்தவர். அவர் தம் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்த 3 கோடி எங்கிருந்து வந்தது என்பதை அவர் சொல்லவில்லை. அமெரிக்காவின் கான்சஸ் நகரத்தில் ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர் 42 குடும்பங்களில் மாதத்துக்கு ஒரு மணி நேரம் பேச்சைப் பதிவு செய்து, 1995இல் வெளியிட்ட கணக்கு அது. அதில் அரசு உதவித்தொகையில் வாழ்ந்த குடும்பங்கள் வெறும் 6. அந்த ஆறு வீட்டுப் பேச்சைப் பெருக்கிக் கிடைத்த தொகையைக் கொண்டுவந்து, காவிரிக் கரையில் நாற்றுப் பறிக்கும் பெண்ணின் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

நான் நடவு வரப்பில் வளர்ந்தவள். அம்மாவும் மற்றப் பெண்களும் குனிந்த முதுகு நிமிராமல் நட்டுக்கொண்டே பேசுவார்கள். நான் நாற்றுமுடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நண்டு வளைக்குள் குச்சியை விட்டுக்கொண்டிருப்பேன். என்னை மடியில் வைத்துக் கதை சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. ஆனால் மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்பதை நான் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. மதியத்துக்கு மேல் வந்தவளுக்கு அரை ஆள் கூலிதான் என்று அவர்கள் வழக்காடியதைக் கேட்டுத்தான் அரை என்பது எனக்கு விளங்கியது. காதில் விழுந்த அந்தப் பேச்சு கணக்கில் வருமா, வராதா?

குடமுருட்டி:
சகோதரியின் கோபத்தை மதிக்கிறேன். அந்தப் பேச்சாளர் பேசிய விதம் தவறு. ஆனால் கோபம் வந்ததற்காக உண்மை மாறிவிடாது. காதில் விழும் பேச்சு வேறு, பிள்ளையின் முகம் பார்த்துப் பேசும் பேச்சு வேறு. மெக்சிகோவின் யுகாத்தான் பகுதியில் மாயா மக்களின் கிராமம் ஒன்றை ஷ்னைட்மன், கோல்டின்-மெடோ இருவரும் ஆராய்ந்து 2012இல் எழுதினார்கள். பிள்ளையைச் சுற்றிப் பேசப்பட்ட சொற்களுக்கும் அதன் பிற்காலச் சொல்வளத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. பெரியவர்கள் பிள்ளையிடமே நேராகப் பேசிய சொற்களுக்குத்தான் தொடர்பு இருந்தது.

எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். என் மகளுக்கு நான்கு வயது. குறுவைக்கு விதைநெல்லை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடி வைத்திருந்தார் என் தந்தை. சாக்குக்குள் கையை விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "தாத்தா, மூட்டைக்குக் காய்ச்சல்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஒரு பிடி நெல்லை அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்து, வெள்ளையாக எட்டிப் பார்த்த முளையைக் காட்டி, "நெல்லு எல்லாம் முழிச்சிக்கிட்டு மூச்சு விடுதும்மா, அந்தச் சூடுதான்" என்றார். மறுநாள் காலையில் அவள் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்து, "நானும் மூச்சு விடுறேன், அதான் சுடுறேனா?" என்று கேட்டாள். வரப்பில் தனியே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு இப்படி ஒரு பேச்சு கிடைக்குமா என்பதுதான் என் கேள்வி.

நடவுக்காரி மகள்:
தனியே என்று யார் சொன்னது? பன்னிரண்டு பெண்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். "தனியே" என்ற சொல்லை நீங்களே போட்டுக்கொண்டு அதற்கு நீங்களே வருந்துகிறீர்கள்.

உங்களுக்கு யுகாத்தான் மாயா கிடைத்தால் எனக்குக் குவாத்தமாலா மாயா இருக்கிறது. கொரேயா-சாவேஸ், பார்பரா ரோகாஃப் இருவரும் 2009இல் எழுதியதைப் படியுங்கள். ஒரு பிள்ளைக்குப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். உடன்பிறந்த பிள்ளையைச் சும்மா பக்கத்தில் உட்காரவைத்தார்கள். மரபான மாயா வீட்டுப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலேயே கவனித்துப் பார்த்து, பிறகு தங்கள் முறை வந்தபோது குறைந்த உதவியிலேயே செய்து முடித்தார்கள். அமெரிக்க வீட்டுப் பிள்ளைகள் அந்த அளவுக்குக் கவனிக்கவில்லை. அக்தரும் அவருடன் இருந்தவர்களும் இரண்டு வயதுக் குழந்தை பிறர் பேசுவதைக் கேட்டே புதுச் சொல்லைக் கற்கும் என்று 2001இலேயே காட்டிவிட்டார்கள். இப்போது சொல்லுங்கள், வரப்புப் பிள்ளையின் காதில் விழுந்தது கணக்கில் வருமா, வராதா?

கடைமடை:
அக்கா, எந்த ஊர் வரப்பு, எந்த ஆண்டு வரப்பு? எங்கள் தலைஞாயிறு பக்கம் மேட்டூரை ஜூன் 12இல் திறந்தாலும் தண்ணீர் எட்டிப் பார்ப்பதற்குள் உங்கள் பக்கம் பயிர் கரும்பச்சை கட்டிவிடும். அதனால் எங்களில் பலருக்கு நேரடி விதைப்புதான். நடவு இருக்கும் ஊரிலும் பாய் போல வளர்த்துச் சுருட்டி எடுக்கும் நாற்றங்காலும் நடவு இயந்திரமும் வந்துவிட்டன; மிச்சம் இருப்பதை வங்காளத்திலிருந்து வரும் ஆட்கள் நடுகிறார்கள். வரப்பில் பிள்ளையே இல்லாதபோது அது என்ன கற்றது என்று சண்டை போடுகிறீர்கள்.

நடவுக்காரி மகள்:
தம்பி, நான் சென்ற வாரம் நடந்த கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன். நகக்கண்ணில் சேற்றோடு ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருந்தார் என்று முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன். இயந்திரத்தின் நகத்திலா சேறு இருந்தது? தண்ணீர்ப் பங்கீட்டுச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம். போன கோடையில் நீங்கள் தொடங்கியதே இன்னும் முடியவில்லை.

கடைமடை:
தொடங்கியது நான் அல்ல. தண்ணீர் முதலில் எட்டும் தலைமடைக்காரர்கள் எப்போதும் தங்கள் வயலையே டெல்டா முழுவதும் என்று நினைத்துப் பேசுவதைத்தான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

சுண்ணக்கட்டி:
34 ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் இருந்தவன் என்ற முறையில் ஒரு சொல். இருவருமே பிள்ளையை விட்டுவிட்டீர்கள். குடமுருட்டி அவர்களின் தந்தையார் சொன்ன விளக்கம் சரியானது. முளைக்கும் விதை மூச்சுவிடும்போது வெப்பம் வெளிப்படும். ஆனால் அவ்வளவு விரைவில் ஏன் சொல்ல வேண்டும்? "மூட்டைக்குக் காய்ச்சல்" என்பது ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்த கருத்து. பக்கத்தில் இருந்த காய்ந்த நெல் மூட்டையையும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தால், ஒன்று சுடுகிறது, ஒன்று சுடவில்லை என்பதை அவளே கண்டு, அடுத்த கேள்வியை அவளே கேட்டிருப்பாள்.

வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும் நாளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப்போவது என் வழக்கம். கோடையில் வெடித்த தரையில் தண்ணீரின் முனை நுரையும் சருகுமாக ஊர்ந்து வரும். வெடிப்புக்குள் இறங்கும்போது குமிழி கொப்பளிக்கும். "சார், மண்ணு தண்ணி குடிக்குது, ஏப்பம் விடுது" என்றான் ஒருவன். நான் பதில் சொல்லவில்லை. தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கல்லை வைக்கச் சொன்னேன். ஒரு வெடிப்பு நிறைந்த பிறகுதான் முனை அடுத்த கல்லைத் தாண்டுகிறது என்பதை அவர்களே கண்டார்கள். உள்ளே இருந்த காற்றுதான் குமிழியாக வருகிறது என்று ஒரு பெண் பிள்ளை சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரத்தைத்தான் நான் பாடம் என்பேன்.

குடமுருட்டி:
ஐயா, என் தந்தை ஐம்பது ஆண்டுகளாக விதை கட்டுபவர். பேத்திக்கு எப்போது பதில் சொல்ல வேண்டும் என்பதை அவருக்கு யாரும் மதிப்பெண் போட்டுச் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலவழிக் கல்வி பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் என் வீட்டுக்குள் புகுந்து பேசினீர்கள்.

சுண்ணக்கட்டி:
உங்கள் வீட்டைப் பொது இடத்தில் எடுத்துவைத்தவர் நீங்கள். நான் முறையைப் பற்றித்தான் பேசினேன். ஆங்கிலவழி பற்றி அன்று சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை.

இரண்டு பிள்ளைக்காரி:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். என் மகனுக்கு மூன்றரை வயது. நாள் முழுக்க ஏன், ஏன் என்று கேட்கிறான். சாதம் ஏன் பொங்குகிறது, ஆட்டுக்கு ஏன் பல் மேலே இல்லை என்று நேற்று மட்டும் எத்தனையோ. பதில் சொல்ல வேண்டுமா, "நீ என்ன நினைக்கிறாய்" என்று திருப்பிக் கேட்க வேண்டுமா? திருப்பிக் கேட்டால் அழுகிறான்.

சுண்ணக்கட்டி:
அம்மா, ஆட்டின் வாயைத் திறந்து பார்த்திருக்கிறானே, அதுவே பெரிய காரியம். ஆட்டுக்கு மேல்தாடையின் முன்பக்கத்தில் பல்லே கிடையாது, கெட்டியான ஈறுதான். எல்லாக் கேள்வியையும் திருப்பிக் கேட்காதீர்கள். அவனே தொட்டு, பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடியதை மட்டும் கேளுங்கள். கேட்ட பிறகு காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அழுதால் பதிலைச் சொல்லிவிடுங்கள். அழும் பிள்ளை சிந்திக்காது.

நடவுக்காரி மகள்:
ஐயா சொன்ன அரை மணி நேரம் என் வரப்பில் நாள் முழுவதும் இருந்தது. நண்டு வளையைக் குடைந்துகொண்டே நான் கேட்ட கேள்விக்கு, அம்மா குனிந்த நிலையிலேயே "தோண்டிப் பாரு, தெரியும்" என்பார். நான் தோண்டினேன். அடுத்த வயலின் தண்ணீர் அந்த வளை வழியாகக் கசிந்து வந்ததைக் கண்டேன். வரப்பு உடையாமல் இருக்க ஏன் சேற்றை அப்பி அணைகட்டுகிறார்கள் என்பதும் விளங்கியது. இதைத்தான் "தொடாதே என்பதற்கு மேல் பேசாத தாய்" என்று அந்தக் கூட்டத்தில் சொன்னார்கள். கூலி பிரிக்கும்போது சின்னம்மா ஒருத்தி என் பக்கம் திரும்பி, "அரை ஆளுக்கு எவ்வளவுடி, நீ சொல்லு" என்று கேட்டபோது நான் சரியாகவே சொன்னேன்.

குடமுருட்டி:
இதோ, நீங்களே சொல்லிவிட்டீர்கள். உங்கள் சின்னம்மா உங்கள் பக்கம் திரும்பினார், உங்களைக் கேட்டார். "தோண்டிப் பார்" என்று அம்மா உங்களுக்குச் சொன்னார். இவை எல்லாம் பிள்ளையை நோக்கிப் பேசிய பேச்சு. 2018இல் ரேச்சல் ரோமியோவும் உடன் இருந்தவர்களும் நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள 36 பிள்ளைகளை ஆராய்ந்து, பெரியவரும் பிள்ளையும் மாறி மாறிப் பேசிக்கொள்வதுதான் மூளையின் மொழிப் பகுதியின் செயல்பாட்டோடு தொடர்புடையது என்றார்கள். வீட்டு வருமானத்தைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்தத் தொடர்பு இருந்தது. நான் முதலிலிருந்து சொல்வதும் அதுதான். காதில் விழுவது கணக்கில் வராது.

நடவுக்காரி மகள்:
சின்னம்மா கேட்டது எனக்கு விளங்கிய பிறகு. விளங்கியது காதில் விழுந்ததால். விளங்காத பிள்ளையிடம் அவர் ஏன் கேட்கப்போகிறார்? எது முதலில் என்பதை மாற்றிப் போட்டால் வழக்கு வென்றதாகுமா?

மாறி மாறிப் பேசுவதுதான் முக்கியம், சொற்களின் எண்ணிக்கை இல்லை என்றால் அந்த 3 கோடி விழுந்துவிட்டது என்று இங்கே ஒரு வரி எழுதுங்கள். டக்ளஸ் ஸ்பெர்ரி குழுவினர் 2018இல் சுற்றியிருந்தோர் பேச்சையும் சேர்த்து எண்ணியபோது, ஒரே வருமானம் உள்ள ஊர்களுக்குள்ளேயே பெரிய வேறுபாடு இருந்தது. சில ஏழை ஊர்களின் பிள்ளைகள் பழைய கணக்கைவிட மிக அதிகம் கேட்டார்கள். எண்ணாமல் விட்டுவிட்டு இல்லை என்று சொன்னார்கள் என்பதுதான் என் வாதம்.

குடமுருட்டி:
3 கோடியை நான் எங்கேயும் சொல்லவில்லை. சொல்லாததை நான் ஏன் திரும்பப் பெற வேண்டும்? ஸ்பெர்ரிக்கு மறுப்பாகக் கோலின்காஃப் முதலானோர் எழுதியதையும் சேர்த்துப் படியுங்கள். பின்னணிப் பேச்சை எண்ணிக்கையில் சேர்ப்பது பிள்ளைக்கு உதவாது என்பதே அவர்கள் பதில்.

கடைமடை:
எங்கள் ஊர்ப் பால்வாடியில் ஒரே பணியாளர் மாவும் கொடுத்து, எடையும் பார்த்து, பதிவேடும் எழுதுகிறார். அவர் எந்தப் பிள்ளையின் முகம் பார்த்து மாறி மாறிப் பேசுவார்? 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள், அதைப் பற்றி இங்கே ஒருவரும் பேசவில்லை. வரப்பு, வரப்பு என்றே பக்கத்தை நிரப்பிவிட்டீர்கள்.

இரண்டு பிள்ளைக்காரி:
ஐயா, இன்று சாதம் பொங்கும்போது அவனை எட்ட நிற்கவைத்து, மூடியைத் திறந்து, மூடிக் காட்டினேன். கேள்வி கேட்டுவிட்டு மூன்று விநாடி மனத்துக்குள் எண்ணினேன். "மூடி போட்டா அதுக்குக் கோவம் வருது" என்றான். இது சரியான பதிலா?

சுண்ணக்கட்டி:
மிகச் சரியான தொடக்கம், அம்மா. நாளைக்கு மூடியைப் பாதி திறந்து வைத்து என்ன ஆகிறது என்று கேளுங்கள்.

நடவுக்காரி மகள்:
ஐயா, நீங்களும் நேராகப் பதில் சொல்லுங்கள். அடுப்படியில் நிற்கும் பிள்ளைக்கு இவ்வளவு சொல்கிறீர்கள். வரப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் காதில் விழுந்தது கணக்கில் வருமா, வராதா?

குடமுருட்டி:
மூன்று முறை சொல்லிவிட்டேன். வராது.

நடவுக்காரி மகள்:
உங்களைக் கேட்கவில்லை. ஐயாவைக் கேட்டேன்.