எக்மோல (இதயம், நுரையீரல் வேலைய வெளிய இருந்து செய்யற மெஷின்) ஆர்ட் லைன் (தமனிக்குள்ள இருந்து பிபிய அலையா காட்டுற லைன்) ஒரே கோடா போனத பாத்திருக்கீங்களா?

நைட்டுடூட்டி_நர்ஸ்:
52 வயசு, பெரிய ஹார்ட் அட்டாக் (ஆன்டீரியர் எம்ஐ), ஸ்டென்ட் போட்டும் பிபி நிக்கல, விஏ எக்மோ (சிரைல எடுத்து தமனில விடறது) போட்டாச்சு, ஃப்ளோ நிமிஷத்துக்கு நாலரை லிட்டர், மீன் (சராசரி பிபி) 75, ஷாக்ல ஏறுற லாக்டேட் இறங்குது, எல்லாருக்கும் நிம்மதி. ரெண்டு மணி இருக்கும், ஆர்ட் லைன் அலை குட்டையாகி குட்டையாகி ஒரே கோடு. ஈசிஜில துடிப்பு ஓடுது! பிபி அளக்குற ட்ரான்ஸ்டியூசர்தான் சொதப்புதுன்னு ஃப்ளஷ் பண்ணிட்டே நின்னேன். எக்கோ வச்சா அயோர்ட்டிக் வால்வு (இதயத்துலேர்ந்து ரத்தம் வெளிய போற வாசல்) திறக்கவே இல்ல, எல்வி (இதயத்தோட இடது கீழறை) உப்பிப்போய் உள்ள ரத்தம் புகை மாதிரி சுத்துது. அப்புறம் மூச்சு டியூப்ல ரோஸ் கலர் நுரை, நுரையீரல் வரைக்கும் தேங்கிருச்சு. அரை மணி முன்னாடிதான் அவர் வீட்டுக்காரம்மாகிட்ட, பிபி நல்லாருக்குக்கா, போய் ஏதாச்சும் சாப்பிடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.

பெர்ஃபியூஷன்காரன்:
நானும் ஃப்ளஷ் பண்ணிட்டு நின்னவன்தான். எக்மோ இதயத்துக்கு ரெஸ்ட்டுன்னு வெளிய சொல்றோம், பாதிதான் உண்மை. தொடை வழியா அயோர்ட்டாவுக்குள்ள (பெரிய தமனி) எதிர்த்திசைல தள்றோம், துவண்டு கெடக்குற எல்வி அந்த அழுத்தத்த மீறித்தான் வால்வத் திறக்கணும், ஃப்ளோ ஏத்த ஏத்த அதுக்கு சுமை. எங்க கேஸ்ல இம்பெல்லாவுக்கு (எல்விலேர்ந்து ரத்தத்த உறிஞ்சி அயோர்ட்டாவுல விடற குட்டிப் பம்பு) அவங்ககிட்ட காசு இல்ல. ஃப்ளோவ மூணுக்கு இறக்கி, இதயத்த பலமா சுருங்க வைக்கிற டோபுட்டமின் ஏத்தி, பலூன் பம்ப் (அயோர்ட்டால துடிப்புக்குத் துடிப்பு உப்பிச் சுருங்குற பலூன்) விட்டோம். அப்புறம் பலூன ரெண்டு துடிப்பு நிறுத்திப் பாத்தா கோட்டுல குட்டியா ஒரு மேடு, அவரோட சொந்தத் துடிப்பு. சர்ஜன் பேசவே இல்ல, மானிட்டரையே பாத்துட்டு நின்னார்.

கேத்லேப்_வாசி:
இன்னுமா பலூன் பம்ப்? 2012லயே ஹார்ட் அட்டாக்ல ஷாக் ஆன 600 பேர வச்சுப் பாத்து 30 நாள் இறப்புல வித்தியாசமே இல்லன்னு வந்தாச்சு. 2023 ட்ரயல்ல எக்மோவுக்கும் அதே கதி. 2024 டேன்ஜர் ஷாக் ட்ரயல்ல இம்பெல்லாதான் ஜெயிச்சுது, 180 நாள்ல இறப்பு 45.8 சதவீதம், அது போடாதவங்கள்ல 58.5. என் இம்பெல்லா கேஸ்ல யூரின் கோலா கலர்ல வந்துச்சு, பம்பு ரத்த அணுவ அரைச்சிருக்கு, பொசிஷன் மாத்துனதும் தெளிஞ்சுது, அவ்ளோதான். நர்ஸ் மேடம், இனிமே எக்மோ போட்டா சாச்சுரேஷன் ப்ரோப (விரல்ல ஆக்சிஜன் பாக்குற கிளிப்பு) வலது கைலயே மாட்டுங்க, கேனுலா (எக்மோ குழாய்) போட்ட கால மணிக்கொரு தடவ தொட்டுப் பாருங்க, எக்கோவ தினமும் கேட்டு வாங்குங்க, பல்ஸ் பிரஷர் (மேல் பிபிக்கும் கீழ் பிபிக்கும் உள்ள வித்தியாசம்) 10க்குக் கீழ போனா உடனே போன் பண்ணுங்க, மீன மட்டும் பாத்துட்டு உக்காராதீங்க.

பெர்ஃபியூஷன்காரன்:
யார் சார் கேட்டா? அந்த 2012 ட்ரயல் எக்மோல கெடக்குறவங்களுக்கு வென்ட்டா, அதாவது எல்வி சுமைய இறக்க, பலூன் விட்டதில்ல. 2023லயும் எல்விய வென்ட் பண்ணது ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான். டேன்ஜர்ல ரத்தக்கசிவும் கால் பிரச்சனையும் இம்பெல்லா பக்கம்தான் ஜாஸ்தி, அத விட்டுட்டீங்களே.

மூத்தமக:
நான் மெடிக்கல் ஆள் இல்ல. எக்மோன்னா 2016 டிசம்பர்ல ஜெயலலிதாம்மாவுக்கு வச்சாங்கன்னு டிவில கேட்டதோட சரி. அப்பா அதுல இருந்தப்ப மணிக்கட்டப் புடிச்சேன், நாடியே இல்ல. கத்தப் போனேன், அவர் கண்ணத் தொறந்து என்னையப் பாத்தார். நர்ஸ், அந்த அக்கா சாப்பிட்டு வந்தப்ப என்ன சொன்னீங்க?