கேம் கன்சோலில் படம் பார்த்த அனுபவம்: உங்களுக்கு என்ன நடந்தது?

டிஸ்க் அலமாரி:
புது கன்சோல் வந்த அன்றே வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்தாயிற்று. டிவிடியைவிடத் தெளிவான ப்ளூ-ரே டிஸ்க்கை உள்ளே தள்ளினேன், சுழலும் சத்தமும் கேட்டது, அப்புறம் திரையில் ஒரு கட்டம்: இதைப் பார்க்க ஓர் ஆப்பைத் தரவிறக்கவும். அன்றைக்கென்று நெட் இல்லை. டிரைவ் இருக்கிறது, டிஸ்க் இருக்கிறது, படம் மட்டும் வராதாம். அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்ப் பரணில் கிடந்த டிவிடி பிளேயரைத் தட்டித் துடைத்துக்கொண்டு வந்தார் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது. கொடுத்தால் முழுசாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம்.

பழைய ரிமோட்:
மாமா பிளேஸ்டேஷன் 3 கன்சோல் வாங்கியதே படம் பார்க்கத்தான். 2006-ல் அது வந்தபோது தனி ப்ளூ-ரே பிளேயர்கள் அதைவிட விலை அதிகம், தெரியுமில்லையா? கேம் டிஸ்க் ஒன்றுகூட அந்த வீட்டில் கிடையாது. அதைப் பார்த்துவிட்டு நானும் பிற்பாடு வேறொரு கன்சோல் வாங்கினேன். கிளைமாக்ஸ், கொலையாளி திரும்பிப் பார்க்கப்போகிறான், நான் கன்ட்ரோலரை சோபாவில் வைத்தேன், அடியில் இருந்த பொத்தான் அமுங்கி, படம் சரசரவென்று ஓடிப் பெயர்ப் பட்டியலுக்கு வந்துவிட்டது. அறையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை!

சோபா விமர்சகன்:
@டிஸ்க் அலமாரி, நெட் இல்லாததற்குக் கன்சோல் என்ன செய்யும்? "வேண்டவே வேண்டாம்" என்பதெல்லாம் கோபத்தில் பேசுவது. கேமுக்கே அந்த டிரைவ் தேவை. இரண்டு அடுக்கு ப்ளூ-ரே ஒன்றில் 50 ஜிபி கொள்ளும், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் டிவிடியோடு நின்றதால் சில கேம்கள் இரண்டு மூன்று டிஸ்க்காக வந்தன. படத்துக்கென்று அவர்கள் தனியாக விற்ற, ப்ளூ-ரேக்குப் போட்டியான எச்டி டிவிடி டிரைவில் கேம் ஓடாது. 2008 பிப்ரவரியில் தோஷிபா அந்த வடிவத்தையே கைவிட்டது, கதை முடிந்தது. நண்பன் ஒருவன் அந்த டிரைவை வாங்கி வைத்திருந்தான். அந்தச் செய்தி வந்த அன்று போன் செய்து, "மச்சான், சும்மா தர்றேன், எடுத்துக்கிறியா?" என்றான். கேமுக்கும் படத்துக்கும் ஒரே டிரைவ் என்றால் அந்த நிலை வந்திருக்காது.

நள்ளிரவுக் காட்சி:
என் அனுபவம் சின்னது. அமைதியான காட்சியில் வசனத்தை விடக் கன்சோலின் விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்டது, அவ்வளவுதான். ஆனால் இங்கே யாரும் அமைப்புகளைப் பற்றிப் பேசவில்லையே? பெரும்பாலான படங்கள் நொடிக்கு 24 பிரேம். அதை டிவிக்கு 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை, அனுப்பினால் ஒரு பிரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறி வரும், அதனால்தான் கேமரா மெல்ல நகரும்போது படம் திக்கித் திக்கிப் போகிறது. கன்சோலில் 24 ஹெர்ட்ஸ் வெளியீட்டை இயக்குங்கள். அப்புறம் ஆர்ஜிபி அளவு, அதாவது கறுப்பு எங்கே தொடங்கி வெள்ளை எங்கே முடியும் என்ற அமைப்பு, கன்சோலில் ஒன்றும் டிவியில் வேறொன்றும் இருந்தால் கறுப்பு சாம்பலாகும், இல்லையென்றால் இருட்டில் ஆளே தெரியாது. அசைவில் டிவி தானாகச் சேர்க்கும் வழுவழுப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எந்தப் படமும் சீரியல் மாதிரி தெரியும். கன்சோலை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள், சூடேறி விசிறி இன்னும் கத்தும்.

டிஸ்க் அலமாரி:
ஐயா, எனக்குப் படமே வரவில்லை, இதில் 24 என்ன 60 என்ன! @சோபா விமர்சகன், டிவிடி பிளேயர் என்றைக்காவது நெட் கேட்டதா?

ஓரத்து இருக்கை:
2016-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் கன்சோல், சாதாரண ப்ளூ-ரேயைவிடத் தெளிவான 4கே டிஸ்க்கைப் படித்தது. அதே ஆண்டு வந்த பிளேஸ்டேஷன் 4 ப்ரோ, விலை கூடுதல், படிக்காது. அதனால் முதலாவதை வாங்கினேன், படத்துக்கு மட்டும். அக்கா பையன் ஆசையாகக் கன்ட்ரோலரைக் கையில் எடுத்து, "மாமா, என்ன கேம் இருக்கு?" என்றான். ஒன்றும் இல்லை என்றேன். "அப்போ இது எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.