செத்த சேவல் இருந்தால் சொல்லுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு விசித்திரமான உதவி. பறவைகளைப் பாடம் செய்ய, அதாவது செத்த பறவையின் தோலை இறகோடு உரித்துப் பதப்படுத்தி, உள்ளே அடைத்து, உயிரோடு இருப்பது போல நிறுத்தி வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். அதற்காக ஓர் உயிரைக் கொல்ல மனசில்லை. வயசாகியோ, நாய் கடித்தோ, வண்டியில் அடிபட்டோ செத்த வீட்டுக் கோழி, வாத்து, வான்கோழி போதும். பாளையங்கோட்டைச் சுற்றுவட்டாரம் என்றால் நானே வந்து எடுத்துக்கொள்வேன்.

மயில் வேண்டாம். போன மாதம் நாங்குநேரி ரோட்டில் ஒன்று அடிபட்டுக் கிடந்தது. அந்தக் கழுத்து நீலம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை, ஆனாலும் தொடவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது செத்துக் கிடந்தாலும் அரசுச் சொத்துதான். வனத்துறைக்குப் போன் போட்டுவிட்டு வந்துவிட்டேன். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்து நாரைக்கும் இதே கதைதான்.

செத்த சில மணி நேரத்துக்குள் கிடைத்தால் நல்லது. வயிறு பச்சை தட்டிவிட்டால் இறகு கையோடு வந்துவிடும். தலையை இறக்கைக்குள் மடக்கி, பேப்பரில் சுற்றி, பாலித்தீன் பையில் கட்டி ஃபிரீசரில் வையுங்கள் (வீட்டில் திட்டு விழாது என்றால்!). வெள்ளைக் கழிச்சல் என்ற கோழித் தொற்றுநோயில் கூட்டமாகச் செத்தவை மட்டும் வேண்டவே வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், தோல் கெடாமல் இருக்கத் தடவ நல்ல வெங்காரம் (போராக்ஸ்) எந்த நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்?