அரிக்கமேடு ப்ராஜெக்ட்டுக்குப் பூஜ்ஜியம் போடலாமா?

முத்தியால்பேட்டை டீச்சர்: பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் ப்ராஜெக்ட் திருத்திக்கொண்டிருக்கிறேன். தலைப்பு அரிக்கமேடு, புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் பழங்காலத் துறைமுகம். நான்கு பேர் அது கெடிலம் ஆற்றங்கரையில் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். கெடிலம் ஓடுவது கடலூரில். அரிக்கமேடு இருப்பது அரியாங்குப்பம் ஆற்றங்கரையில். அதில் ஒருவன் வீடே அரியாங்குப்பத்தில்தான்! சாட்ஜிபிடி சொன்னதை அப்படியே ஸ்டிக் ஃபைலில் போட்டு, அட்டையில் ஜிகினா ஒட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். நாலு பேருக்கும் பூஜ்ஜியம்தான். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கடலூர் ஓ.டி.க்காரன்: எனக்கு இருக்கிறது டீச்சர். ஒருவன் எழுத மற்ற மூவர் பார்த்து எழுதியிருக்கலாமே? நம் காலத்தில் அக்காவின் பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்துத்தானே எழுதினோம்? சிபிஎஸ்இயில் 20 மார்க் இன்டர்னல், அதில் ப்ராஜெக்ட்டுக்கு 5. அந்த அஞ்சு மார்க்குக்கும் பள்ளிகள் பார்ப்பது அட்டையும் கலரும்தான். பிள்ளை என்ன படித்தான் என்று யார் கேட்டார்கள்?

முத்தியால்பேட்டை டீச்சர்: விசாரித்தேன் சார், போனில் எடுத்ததாக நாலு பேரும் ஒத்துக்கொண்டார்கள். நோட்டைப் பார்த்து எழுதினாலாவது கை வலிக்கும், நாலு வரி மண்டையில் ஏறும்.

லாஸ்பேட்டை அம்மா: என் பெண் கதை வேறு. ஆங்கிலக் கட்டுரையைச் சொந்தமாக எழுதினாள். அடித்தல் திருத்தலோடு ரஃப் நோட்டு இன்னும் வீட்டில் கிடக்கிறது. பள்ளியில் ஏதோ ஒரு கருவியில் போட்டுப் பார்த்து, ஏஐ எழுதியது என்று சொல்லிவிட்டார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் எடுத்தும்விட்டது. அவர்கள் சொன்ன கணக்குப்படியே, ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது; மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தையும் ஏஐ எழுதியது என்று பழி போட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் இதுபோன்ற கருவிகளிடம் தப்பாக மாட்டின. எளிய சொல்லாக எழுதினால் சந்தேகமாம். நம் பிள்ளைகள் வேறு எப்படி எழுதும்?

கடலூர் ஓ.டி.க்காரன்: அப்படிப் போடுங்கம்மா!

முத்தியால்பேட்டை டீச்சர்: கொஞ்சம் இருங்கள். நான் எந்தக் கருவியையும் நம்பவில்லை, கெடிலத்தைத்தான் நம்பினேன். கருவி தப்பு என்பதால் காப்பி சரியாகிவிடுமா?

பிளஸ் டூ பையன்: டீச்சர், கணக்கு புரியாவிட்டால் நானும் அதில்தான் கேட்கிறேன். ட்யூஷனுக்குப் பணமில்லை. இதுவும் ஏமாற்றா?

முத்தியால்பேட்டை டீச்சர்: கேட்டுத் தெரிந்துகொள்வது எப்படித் தம்பி ஏமாற்றாகும்? கேட்டதைத் தான் எழுதியதாகக் கொண்டுவந்து நீட்டுவதுதான் தப்பு. விசாரித்தபோது நாலு பேரிடமும், 1945இல் தொல்லியலாளர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது என்ன கிடைத்தது என்று கேட்டேன். ஒருவன் ரோமானிய ஜாடி, மண்பாண்டம் என்று கடகடவென்று சொன்னான். மற்ற மூவரும் வீலர் என்றால் வண்டியா என்பதுபோல் விழித்தார்கள். சரி, அந்த ஒருவனுக்கு மட்டும் 2 மார்க் போடுகிறேன்.

கடலூர் ஓ.டி.க்காரன்: இப்படி எல்லோரையும் கேட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஆனால் நாற்பது பிள்ளைகளையும் கேட்க உங்களுக்குப் பீரியட் ஏது?

லாஸ்பேட்டை அம்மா: அதை விடுங்கள். இப்படிக் கேட்கும்போது ஆங்கில மீடியம் பிள்ளை தமிழில் பதில் சொன்னால் ஏற்பீர்களா டீச்சர்?

முத்தியால்பேட்டை டீச்சர்: நான் ஏற்பேன். பிரின்சிபல் ஏற்பாரா என்பது தனிக் கதை.