சனிக்கிழமைப் பாட்டு: எந்தக் காணொளியை எடுப்பது, எதை விடுவது

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமைதோறும் ஒரு பழைய திரைப்பாடல் காணொளியைப் பகிர்ந்து, எந்த நாட்டில் இருந்தாலும் குடும்பத்தோடு பார்த்துவிட்டுக் குழுவில் பேசிக்கொள்வது என்று பொதுக்கூட்டத்தில் முடிவானதை ஒட்டி, பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறீர்கள். பெரியவர்கள் பலர் ஆசையோடு பட்டியல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றில் உள்ளவை எல்லாம் அருமையான பாட்டுகள் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனாலும் அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றை நான் முதலில் எடுக்கப் போவதில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லிவிடுவதுதான் முறை.

கேட்க இனிக்கும் பாட்டெல்லாம் கூட்டமாக உட்கார்ந்து பார்க்கவும் இனிக்கும் என்று சொல்ல முடியாது. நம்மில் ஐம்பதைத் தாண்டியவர்கள் இந்தப் பாட்டுகளை இலங்கை வானொலியிலும், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும், கொட்டகையில் படம் தொடங்கும் முன் போடும் இசைத்தட்டிலும் கேட்டே வளர்ந்தவர்கள். படத்தில் அந்தப் பாட்டு எப்படி எடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பல சமயம் பிற்பாடு தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். மனத்தை உருக்கும் ஒரு பாட்டுக்குத் திரையில் நாயகி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நான்கு நிமிடமும் நிற்பாள். நமக்குப் பாட்டோடு சேர்ந்த நினைவுகள் இருப்பதால் அது குறையாகத் தெரியாது. அந்த நினைவு எதுவும் இல்லாத, டொராண்டோவிலும் துபாயிலும் பிறந்த நம் பேரப்பிள்ளைகள் முதல் சரணம் முடிவதற்குள் எழுந்து போய்விடுவார்கள். அவர்களையும் பாட்டி தாத்தாவோடு ஒரே சோபாவில் உட்கார வைப்பதுதான் நம் நோக்கம் என்றால், பாட்டைக் காதால் மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. திரையில் ஏதாவது நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, 1958-இல் எஸ்.எஸ்.வாசன் எடுத்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தின் போட்டி நடனம். ஒரு பக்கம் பத்மினி, மறு பக்கம் வைஜயந்திமாலா, ஒருவருக்கு பி.லீலாவும் மற்றவருக்கு ஜிக்கியும் குரல் கொடுக்க, சி.ராம்சந்திரா இசையில் ஒருவர் ஆடியதற்கு மற்றவர் ஆடியே பதில் சொல்கிறார். பி.எஸ்.வீரப்பா "சபாஷ், சரியான போட்டி" என்று உரக்கச் சொல்லும் அந்த இடம், படம் பார்க்காதவர்களுக்குக்கூடத் தெரியும். கதை தெரிய வேண்டிய அவசியமே இல்லை. போட்டி என்றாலே பார்ப்பவர்கள் கட்சி பிரிந்துவிடுவார்கள், யார் ஜெயித்தது என்று குழுவில் ஒரு வாரம் பேச்சு ஓடும். இந்தக் காட்சியைத் தேர்ந்தெடுக்கும்போது காலடிகள் முழுவதும் தெரியும் பிரதிதானா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அகலத்திரைக்குப் பொருத்துவதற்காக மேலும் கீழும் வெட்டிய பிரதியில் பாதங்களும் சலங்கையும் காணாமல் போய்விட்டால், மிச்சமிருப்பது நடனமே அல்ல.

இரண்டாவதாக நான் உயர்வாக மதிப்பது, எப்படி எடுத்தார்கள் என்று வியக்க வைக்கும் பாட்டுகளை. 'மாயா பஜார்' (1957) படத்தின் 'கல்யாண சமையல் சாதம்' பாட்டில் எஸ்.வி.ரங்காராவ் கடோத்கஜனாக உட்கார்ந்திருக்க, பலகாரங்கள் தாமாகவே அவர் வாய்க்குள் போகின்றன. திருச்சி லோகநாதனின் குரலும் ரங்காராவின் சிரிப்பும் ஒரே தொண்டையிலிருந்து வருவதாகவே தோன்றும். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லே இவற்றையெல்லாம் கணினியின் துணையில்லாமல் செய்தார் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், இரண்டாம் முறை போடச் சொல்வார்கள். 'திருவிளையாடல்' (1965) படத்தில் டி.எம்.சௌந்தரராஜன் பாடிய 'பாட்டும் நானே' பாட்டும் இந்த வகைதான். பாடுபவரும் சிவாஜி, வீணை வாசிப்பவரும் சிவாஜி, குழலும் மிருதங்கமும் அவரே என்று எல்லோரும் ஒரே சட்டகத்தில் தெரிவார்கள். பாட்டு நிற்கும்போது உலகத்தின் அசைவே நின்றுபோகும் இடத்தைக் காட்டுவதற்கு முன், யாரும் எதுவும் சொல்லிவிடாமல் இருப்பது நல்லது.

குடும்பக் கலகலப்புக்கு கே.பாலசந்தர் படங்களில் நல்ல சரக்கு இருக்கிறது. 'பாமா விஜயம்' (1967) படத்தின் 'வரவு எட்டணா', 'எதிர் நீச்சல்' (1968) படத்தின் 'அடுத்தாத்து அம்புஜத்த' இரண்டிலும் கதாநாயகன் கதாநாயகி காதல் இல்லை. வீட்டுச் செலவும் புடவை ஆசையும் கணவன் மனைவி வாக்குவாதமும்தான் பாட்டாகியிருக்கின்றன. பெரியம்மாக்களும் புதிதாகக் கல்யாணமான மருமகள்களும் சேர்ந்து சிரிக்கும் பாட்டுகள் இவை.

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு மட்டும் கிடைக்கும் ஒரு தனி இன்பமும் உண்டு. 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973) ஒசாகாவின் எக்ஸ்போ 70 கண்காட்சியிலும் ஹாங்காங், சிங்கப்பூர், பாங்காக் நகரங்களிலும் எடுக்கப்பட்டது. 'ப்ரியா' (1978), 'நினைத்தாலே இனிக்கும்' (1979) இரண்டிலும் அன்றைய சிங்கப்பூர் விரிந்து கிடக்கிறது. சிங்கப்பூர்க் கிளையினர் ஒவ்வொரு தெருவையும் கட்டடத்தையும் அடையாளம் கண்டு, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினால், ஒரு பாட்டே இரண்டு வாரத்துக்குத் தாங்கும்.

இனி, பிரதியின் தரம். 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்' படத்தோடுதான் தமிழில் சினிமாஸ்கோப் என்ற மிக அகலமான திரைமுறை வந்தது. அதற்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் ஏறக்குறைய சதுரமான சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. அப்படிப்பட்ட படம் உங்கள் தொலைக்காட்சியை இரு ஓரமும் நிரப்பிக்கொண்டு வந்தால், ஒன்று இழுத்திருக்கிறார்கள், இல்லையென்றால் வெட்டியிருக்கிறார்கள். நெற்றிப் பொட்டையோ மிருதங்கத்தின் வாயையோ வண்டிச் சக்கரத்தையோ பாருங்கள். வட்டம் முட்டை வடிவமாக இருந்தால் அது இழுத்த பிரதி, அதில் மெலிந்த சந்திரபாபுவும் பருத்துத் தெரிவார். ஓரங்களில் கறுப்புப் பட்டை இருப்பதைக் குறையென்று நினைக்காதீர்கள், அதுதான் சரியான பிரதி. ஒலியிலும் கவனம் வேண்டும். திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டகம், அதாவது 24 தனித்தனிப் படங்கள் ஓடும், நம் ஊர்த் தொலைக்காட்சி முறையில் 25. அந்த வழியாக வந்த பல பிரதிகளில் பாட்டு நான்கு விழுக்காடு வேகமாக ஓடிச் சுருதி ஏறியிருக்கும், சுசீலாவின் குரல் மெலிந்து கீச்சென்று கேட்கும். புதிய தாளவாத்தியங்களை மேலே பூசி வெளியிடும் பிரதிகளை நான் எந்தக் காரணத்துக்காகவும் அனுப்ப மாட்டேன். அந்த இசைக்குழுவில் வாசித்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை அது.

பெண்ணை வழிமறித்துச் சீண்டுவதையே வேடிக்கையாக்கிய பாட்டுகளையும், நிறத்தையோ உடலையோ சாதியையோ கேலி செய்யும் பாட்டுகளையும், மெட்டு எவ்வளவு துள்ளலாக இருந்தாலும் விட்டுவிடுகிறேன். அந்தப் பாட்டுகள் அக்காலத்துக்குச் சாட்சியாக இருக்கட்டும்; நம் பெண் குழந்தைகள் அமர்ந்திருக்கும் கூடத்தில் அவற்றைச் சிரித்துக்கொண்டே போட என்னால் முடியாது. சோகப் பாட்டுகளுக்கு வேறொரு மாலை வைத்துக்கொள்ளலாம்.

பகிரும் முறை பற்றி ஒரு வேண்டுகோள். காணொளியை இறக்கிக் கோப்பாக அனுப்பாதீர்கள்; கை மாறக் கை மாறப் படம் கலங்கிப் போகிறது, உரிமை உள்ளவர்களுக்கும் ஒன்றும் போய்ச் சேருவதில்லை. உரிமை பெற்ற நிறுவனங்களின் பக்கங்களில் உள்ள இணைப்பையே அனுப்புவோம். ஒரு நாட்டில் திறக்கும் இணைப்பு மற்றொரு நாட்டில் திறக்காமல் போவதுண்டு என்பதால், வளைகுடா, சிங்கப்பூர், கனடா, அமெரிக்கா கிளைகளில் தலா ஒருவர் வியாழன் இரவுக்குள் திறந்து பார்த்து எனக்கு ஒரு வரி எழுதினால் போதும். திறக்காவிட்டால் வெள்ளிக்கிழமை வேறு இணைப்பு தேடிக்கொள்ளலாம்.

முதல் சனிக்கிழமைக்கு 'கல்யாண சமையல் சாதம்', அடுத்ததற்கு வஞ்சிக்கோட்டைப் போட்டி நடனம் என்று வைத்திருக்கிறேன். மூன்றாவது வாரத்தை உங்களுக்கே விடுகிறேன். பாட்டின் பெயரோடு, அதில் எந்த இடத்தைப் பிள்ளைகள் ரசிப்பார்கள் என்று ஒரு வாக்கியமும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
கலைப் பிரிவுப் பொறுப்பாளர்