சிங்கப்பூரில் 3 இரவு: ஃபுல்லர்டனா, ராஃபிள்ஸா, மரினா பே சாண்ட்ஸா?

வணக்கம் மக்களே, இந்த மூணு ஹோட்டல்ல தங்கிப் பார்த்தவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. ரெண்டு பேர், வெள்ளி முதல் திங்கள் வரை.

மரினா பே சாண்ட்ஸில் 57ஆவது மாடி நீச்சல் குளம் தங்குறவங்களுக்கு மட்டும்தான். காசு கொடுக்கிறதே அதுக்குத்தானே! ஆனா லாபியில் திருவிழாக் கூட்டம். ராஃபிள்ஸ் 1887இல் தொடங்கினது, எல்லாமே சூட் (தனி வரவேற்பறையோட பெரிய) அறைகள். வாடகையும் அதுக்கேத்த மாதிரி.

மனசு ஃபுல்லர்டன் பக்கம்தான் சாயுது. 1928இல் கட்டின பழைய தலைமைத் தபால் நிலையக் கட்டடம். சிக்கல் அறை வகையில்தான் இருக்கு. 'கோர்ட்யார்ட்' எடுத்தா விலை குறைவு, ஆனா ஜன்னல் கட்டடத்தோட உள்முற்றத்தைப் பார்த்துதான். திரையை விலக்கினா எதிர் அறை. சிங்கப்பூர் ஆறு தெரியணும்னா 'கீ' (Quay) அறை.

விலைக்குப் பக்கத்தில் ரெண்டு கூட்டல் குறி இருந்தா உஷார்: 500 வெள்ளின்னா (சிங்கப்பூர் டாலர்) 10% சேவைக் கட்டணம் சேர்ந்து 550, அது மேல 9% ஜிஎஸ்டி, ஆக 599.50.

கேள்வி இதுதான்:
'கீ' அறையில் ஆத்தோரம் இருக்கிற போட் கீ பகுதி மதுக்கூடச் சத்தம் ராத்திரி கேட்குமா? எந்த மாடி கேட்டு வாங்கலாம்?
டெபிட் கார்டில் முன்பணம் பிடிச்சா, திரும்ப வர எத்தனை நாள்?