குழந்தைகள் ஐசியுவில் பிபி: மானிட்டர் காட்டியதும் நாங்கள் பார்த்ததும்

செவிலியர், மதுரை:
டெங்கு காய்ச்சலோடு வந்த ஆறு வயதுப் பையன். மானிட்டரில் 96/68. அந்த வயதில் பிபியின் மேல் எண் 82-க்குக் கீழே போனால்தான் குறைவு என்பது கணக்கு. "பிபி நார்மல்தானே சிஸ்டர்?" என்றார் அவன் அப்பா. ஆனால் பையனுக்குக் கை கால் ஜில்லென்று இருந்தது. நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப நேரம் பிடித்தது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கையால் பார்த்தேன்: 90/72. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி வெறும் 18. டெங்கு வந்த குழந்தைக்கு இந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் குறைவு என்றால் அது ஷாக்தான், அதாவது உடலுக்கு ரத்த ஓட்டம் போதாத ஆபத்து நிலை, மேல் எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும். டாக்டர் உடனே சலைன் ஏற்றச் சொன்னார்.

கையில் சுற்றிய பட்டையை (கஃப்) தானாக ஊதும் மெஷின் துடிப்பின் அதிர்வை வைத்துச் சராசரி அழுத்தத்தைத்தான் நேராகப் பிடிக்கிறது. மேல் எண்ணும் கீழ் எண்ணும் அதிலிருந்து கணக்குப் போட்டு வருபவை. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். டெங்குவில் நமக்கு வேண்டியதோ அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். பிபி இறங்கிய குழந்தைகளுக்கு மெஷின் கூட்டிக் காட்டுவதும் உண்டு. சரி, தமனிக்குள்ளேயே குழாய் வைத்து பிபி பார்க்கும் ஆர்ட்டீரியல் லைன் போடலாமே என்றால், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் குறைந்த குழந்தையின் தமனியில் ஊசி ஏற்றுவது லேசான முடிவு இல்லை.

ஐசியு டாக்டர், கோவை:
சிஸ்டர் சொல்வது சரி. லைன் இருந்தாலும் கவனம் வேண்டும். இதய அறுவை சிகிச்சை முடிந்த ஒரு குழந்தைக்கு எக்ஸ்ரே எடுக்கக் கட்டிலை உயர்த்தினார்கள். லைனின் அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசர் கம்பத்திலேயே பழைய உயரத்தில் நின்றது. பிபி ஏறிவிட்டதாகக் காட்ட, பிபியை ஏற்றும் மருந்தைக் குறைக்கலாம் என்று பேச்சு வந்தது. டிரான்ஸ்டியூசர் இதயத்தின் மட்டத்திலிருந்து 10 செ.மீ. இறங்கினாலே ஏழு, எட்டு எண் கூடும். பக்கத்தில் நின்ற நர்ஸ் அதைக் கண்டுபிடித்து மட்டத்தைச் சரிசெய்ததும் பழைய அளவே வந்தது. குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் வேறு கதை: மானிட்டரில் ஓடும் அலை மழுங்கும், மேல் எண் இறங்கும், கீழ் எண் ஏறும், சராசரி பெரிதாக மாறாது. அதனால் நான் முதலில் பார்ப்பது அலையையும் சராசரியையும்தான்.

ஒரு அம்மா, திருச்சி:
என் மகள் கொஞ்சம் குண்டு. ஐசியுவில் பிபி அதிகம் என்றதும் பயந்துபோனேன். அப்புறம் வந்த சிஸ்டர் கையைச் சுற்றி டேப் வைத்து அளந்தார். கஃபின் காற்றுப்பை அகலம் அந்தச் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டுமாம், சின்னதாக இருந்தால் கூட்டிக் காட்டுமாம். பெரிய கஃப் மாற்றியதும் அளவு இறங்கியது. பெற்றோரே, கஃப் அளவு சரியா என்று தயங்காமல் கேளுங்கள்.